வீட்டு நாய்க்குப் பூஸ்டர் ஊசி: எது எத்தனை நாளைக்கு ஒருமுறை?

"வருஷத்துக்கு ஒரு ஊசி போட்டால் போதும்" என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் எல்லாத் தடுப்பூசியும் ஒரே காலம் தாங்குவதில்லை. டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி ஆகிய மூன்று வைரஸ் நோய்களுக்கும் எதிரான பாதுகாப்பு சரியாகப் பிடித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோ ஊசியை ஓராண்டுக்கு மேல் நம்ப முடியாது. ரேபிஸ் ஊசிக்கு மருந்தின் லேபிளும் உள்ளூர் விதியும் சொல்வதுதான் கணக்கு.

குட்டிப் பருவம்

முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில். பிறகு 2 முதல் 4 வார இடைவெளியில் அடுத்தடுத்து. கடைசி ஊசி குட்டிக்கு 16 வாரம் நிறைந்த பிறகுதான் விழ வேண்டும். தவறு அதிகம் நடப்பதும் இந்த இடத்தில்தான்.

காரணம் சீம்பால். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை, ஊசி மருந்தில் உள்ள வலுக்குறைந்த வைரஸை அது அழித்துவிடும். ஊசி போட்டும் பயனில்லை. இந்தத் தடை ஒரு குட்டிக்கு 8 வாரத்தில் விலகும், இன்னொன்றுக்கு 14 வாரம் ஆகும். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஆகவே எத்தனை ஊசி போட்டோம் என்பதைவிடக் கடைசி ஊசி எந்த வயதில் போட்டோம் என்பதே முக்கியம். "மூன்று ஊசி முடிந்தது" என்று 12 வாரத்தில் நிறுத்திய குட்டி, நாலைந்து மாதத்தில் பார்வோ வந்து ரத்தபேதியோடு ஆஸ்பத்திரிக்கு வருவது இதனால்தான். 16 வார ஊசிக்குப் பிறகும் ஒரு வாரமாவது கழித்தே தெருவில் நடக்க விடுங்கள்.

அடுத்த பூஸ்டரை முன்பெல்லாம் ஒரு வயதில் போடுவார்கள். உலகச் சிறுபிராணிக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2024 வழிகாட்டி அதை 26 வார வயதுக்கே, அதாவது ஆறு மாதத்துக்கே, கொண்டுவந்துவிட்டது. 16 வாரத்திலும் பிடிக்காமல் போன சில குட்டிகள் ஒரு வயதுவரை பாதுகாப்பில்லாமல் இருந்துவிடக் கூடாது என்பதே காரணம்.

வளர்ந்த பிறகு

ஆறு மாத பூஸ்டருக்குப் பின் டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி ஊசி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். அதைவிட அடிக்கடி போடுவதால் கூடுதல் பாதுகாப்பு இல்லை.

லெப்டோ அப்படியல்ல. முதன்முறை 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் பரவும் நோய் இது. நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், ஆண்டு ஊசியை ஆகஸ்ட், செப்டம்பரில் விழும்படி வைத்துக்கொள்வது நல்லது.

சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் பெரும்பாலும் போடுவது "செவன் இன் ஒன்", "நைன் இன் ஒன்" போன்ற கூட்டு ஊசி. அதில் லெப்டோவும் சேர்ந்திருப்பதால் எல்லாமே ஆண்டு ஊசியாகிவிடுகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள நாய்க்கு இதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் முன்பு ஒவ்வாமை வந்த நாய், வயதான நாய் என்றால், லெப்டோவை மட்டும் தனியாகப் போட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ரேபிஸ் முதல் ஊசி 12 வாரத்தில். நம்மைப் போல் வெறிநோய் பரவியிருக்கும் நாட்டில் 2 முதல் 4 வாரம் கழித்து இன்னொன்றும் போடுவது பாதுகாப்பானது. பிறகு ஓராண்டில் பூஸ்டர். அதன்பின் மூன்று ஆண்டு தாங்கும் என்று லேபிளில் எழுதியுள்ள மருந்துகள் உண்டு. ஆனாலும் இங்கே ஆண்டுதோறும் போடுவதே நடைமுறை. சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் வாங்கவும் ரேபிஸ் ஊசிச் சான்று கேட்பார்கள். தெருநாய்களோடு மோதும் வாய்ப்புள்ள ஊரில் இந்த ஓர் ஊசியில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஜூலை 6 (உலக விலங்குவழி நோய்கள் தினம்), செப்டம்பர் 28 (உலக ரேபிஸ் தினம்) ஆகிய நாட்களையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடப்பது வழக்கம்.

தேதி தவறிவிட்டால்

வளர்ந்த நாய்க்குப் பார்வோ, டிஸ்டெம்பர் பூஸ்டர் தள்ளிப்போயிருந்தால் ஓர் ஊசி போதும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. லெப்டோ தேதி பல மாதம் கடந்துவிட்டால் மறுபடி இரண்டு ஊசிதான். ரேபிஸ் தவறியிருந்தால் உடனே ஒன்று, அதிலிருந்து ஓராண்டில் அடுத்தது. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும், பழைய விவரம் தெரியாத நாயை ஊசியே போடாத நாயாகக் கருதித் தொடங்குங்கள்.

ஊசி போடும் நாளில்

காய்ச்சல், பேதி, வாந்தி இருக்கும் நாய்க்குத் தள்ளிப்போடுங்கள். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நம் உடலைவிடச் சூடாகத்தான் இருக்கும் என்பதால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவுகட்ட வேண்டாம். குடற்புழு மருந்தை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். சினையாக உள்ள நாய்க்கு உயிருள்ள வைரஸ் ஊசி கூடாது.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்திருக்க வேண்டும். மருந்துக்கடையில் வாங்கி வெயிலில் பையில் எடுத்துப்போன ஊசி தண்ணீருக்குச் சமம். உறைந்துபோனாலும் ரேபிஸ், லெப்டோ மருந்து கெட்டுவிடும்; ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டிவைக்காதீர்கள். கிளினிக்கிலேயே குளிர்பெட்டியில் வைத்திருப்பதைப் போட்டுக்கொள்வது மேல். பொமரேனியன் ஆனாலும் கிரேட் டேன் ஆனாலும் அளவு ஒன்றுதான். சின்ன நாய் என்று பாதி போட்டால் எதிர்ப்புச் சக்தி உருவாகாமல் போகலாம்.

போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். முகம் வீங்குவது, உடலெங்கும் தடிப்பு, தொடர் வாந்தி, ஈறு வெளிறுவது தெரிந்தால் அது கடுமையான ஒவ்வாமை. அந்த நிமிடமே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஓரிரு நாள் சோர்வு, ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டி ஆகியவை தானே சரியாகும்.

குப்பியின் ஸ்டிக்கர் தடுப்பூசி அட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறதா, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் தெரிகிறதா, மருத்துவரின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையைப் போனில் படமெடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஊசி போட்ட நாயாக இருந்தாலும், வெறிநோய் சந்தேகமுள்ள நாய் அதைக் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்; உடனே பூஸ்டர் தேவைப்படும். உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால், "எங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம்" என்று சொல்லி அவரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுத்துவிடாதீர்கள்.