மேலும் கீழுமாகப் போன குண்டுகள்: என் அனுபவம்

டெக்சஸில் வார இறுதிகளில் பெஞ்ச்ரெஸ்ட் பழகுகிறேன். ரைஃபிளை மேசையில் முன்னும் பின்னும் மணல் பைகளில் கிடத்தி, 100 கஜத்தில் ஐந்து குண்டுகளையும் ஒரே ஓட்டைக்குள் போடப் பார்ப்பதுதான் விளையாட்டு. என் .223 (தோட்டா ரகம்) ரைஃபிளில் பக்கவாட்டில் சிதறலே இல்லை, ஆனால் மேலும் கீழுமாக ஒன்றரை அங்குலம்.

தோட்டாவில் போடும் வெடிமருந்தின் அளவை 0.2 கிரெயின் (சுமார் 13 மில்லிகிராம்) கூட்டினேன், குறைத்தேன். குறிபார்க்கும் ஸ்கோப்பை மாற்றினேன். ஸ்டாக் (குழாயைத் தாங்கும் கட்டைப் பகுதி) திருகுகளை மறுபடி முறுக்கினேன். மூன்று வாரமும் நிறையத் தோட்டாவும் போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் முன்பையின் விளிம்பில் பட்டாணி அளவில் ஒரு கறுப்புக் குழி கண்ணில் பட்டது. ஸ்டாக்கின் அடியில் தோள்வார் மாட்டும் குமிழ்! சுட்டதும் ரைஃபிள் பின்வாங்கும்போது அது பையில் இடித்து முன்பக்கத்தைத் தூக்கியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ரைஃபிளை வேறு வேறு இடத்தில் வைத்ததால் இடியும் ஒரே மாதிரி இல்லை.

குமிழைத் திருகி எடுத்தேன். பைகளில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினேன், ரைஃபிள் வழுக்கிப் போகட்டும் என்று. அடுத்த ஐந்தும் அரை அங்குலத்துக்குள். அப்பாடா!