சித்திரைத் தண்ணீருக்கு எத்தனை அறை? மலையடிவாரப் பசுமை விடுதிக்கு ஒரு கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், அதாவது கீழ்ப்பழனி, மேகமலை அடிவாரம் போன்ற இடங்களில், மழை கொட்டுவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும். விருந்தினர் குவிவது பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில். கிணறு அடியைத் தொடும் நேரமும் அதுதான். இங்கே பசுமை விடுதி நடத்துவதன் சிக்கல் முழுவதும் இந்த ஆறு மாத இடைவெளியில் இருக்கிறது. சூரியத் தகடு, மண் சுவர், மூங்கில் கட்டில் எல்லாம் பிறகு. சித்திரையில் உங்கள் நிலம் எத்தனை பேருக்குத் தண்ணீர் தருமோ அத்தனை பேருக்குத்தான் அறை. லாரித் தண்ணீர் வாங்கி நடத்தும் விடுதி, வேறொரு ஊரின் கிணற்றைக் குடிக்கிறது.

அதற்கும் முன்னால் இடம். ஹாக்கா என்று சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அனுமதியின்றி ஒரு கல்லும் வைக்கக் கூடாது. யானை வலசைப் பாதையாக இருந்தால் வாங்கவே வேண்டாம். நீலகிரியின் சீகூர் வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்தார்கள். அந்த வழித்தட அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபர் 14ஆம் தேதி தீர்ப்பும் வந்தது. யானை நடக்கும் வழியில் நின்றுகொண்டு சுற்றுச்சூழல் பேச முடியாது.

கிணற்றை அளப்பது

ஏப்ரல் கடைசி வாரத்தில் அளக்க வேண்டும். தரகர் டிசம்பரில் காட்டும் கிணறு எப்போதும் நிறைந்துதான் இருக்கும். மோட்டாரை ஓட்டி நீர்மட்டத்தை நன்றாக இறக்குங்கள். பிறகு 24 மணி நேரம் தொடாமல் விட்டு, மட்டம் எத்தனை சென்டிமீட்டர் ஏறியது என்று பாருங்கள். 4 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் 8 சென்டிமீட்டர் ஏறினால் ஏறக்குறைய 1,000 லிட்டர் ஊறியிருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து அளந்து, குறைவான எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் அந்த நாட்களில் மோட்டார் போட்டாரா என்றும் கேளுங்கள். ஊற்று அவருக்கும் பொதுவானது.

இனி செலவு. ஆறு அறை, 12 விருந்தினர், தங்கி வேலை செய்வோர் 4 பேர் என்று கொள்வோம். சிக்கனமான குழாய்கள் பொருத்தினால் விருந்தினருக்குத் தலைக்கு 120 லிட்டர் வீதம் 1,440, பணியாளருக்கு 70 வீதம் 280, சமையலறைக்கு 300, முன்பக்கம் கதவுள்ள சலவை இயந்திரம் இரண்டு முறை ஓட 120. ஆக 2,140. நாளுக்கு 2,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணறு 1,000 தந்தால் மீதி 1,200 லிட்டர் தொட்டியிலிருந்து வர வேண்டும். ஏப்ரல், மே 60 நாளுக்கு 72,000 லிட்டர்.

கூரை இதைத் தருமா? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். தலா 45 சதுர மீட்டரில் ஆறு குடில், 130 சதுர மீட்டரில் சமையற்கூடமும் சாப்பாட்டுக் கூடமும் சேர்ந்தால் 400 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவத்தில் 400 மில்லிமீட்டர் பெய்து, அதில் ஐந்தில் நான்கு பங்கு தொட்டிக்கு வந்தாலும் 1,28,000 லிட்டர். ஆகவே ஒரு லட்சம் லிட்டருக்குத் தொட்டி கட்டலாம். அதை 50,000 லிட்டராக இரண்டாகக் கட்டுங்கள். ஒன்றைக் கழுவும்போதும், ஒன்றில் வெடிப்பு விழுந்தாலும் மற்றது கைகொடுக்கும்.

6 அங்குல பிவிசி குழாயை நெடுக்கில் பிளந்தால் கூரை விளிம்பில் மழைநீரை ஏந்த நல்ல வாய்க்கால் கிடைக்கும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு வேண்டும். குறைந்தால் சருகு தங்கி நீர் வெளியே வழியும். முதல் மழை கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அதை விலக்க ஒவ்வொரு குடிலுக்கும் 100 லிட்டர் டிரம் ஒன்று வையுங்கள். டிரம் நிரம்பிய பிறகே தண்ணீர் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். டிரம்மின் அடியில் ஒரு சிறு துளை போட்டால் அடுத்த மழைக்குள் தானே காலியாகிவிடும். அந்தத் துளை அடைபட்டு, டிரம் எப்போதும் நிறைந்தே நிற்பதுதான் பல இடங்களில் தொட்டி நீர் நாறுவதற்குக் காரணம். புரட்டாசியிலேயே ஒரு கம்பியை விட்டுக் குத்தி எடுத்துவிடுங்கள். தொட்டிக்குள் வெளிச்சம் புகக் கூடாது, பாசி பிடிக்கும். வழிந்தோடும் குழாயின் வாயில் கொசுவலை கட்டாயம்.

குளித்த தண்ணீர்

குடிலின் குளியல் நீரை அந்தக் குடிலின் பின்புறத்திலேயே சுத்தம் செய்துவிடலாம். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழத்தில், நீர் கசியாத ஒரு படுகை. இரு ஓரங்களிலும் ஒரு சாண் அளவுக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, நடுவில் அரை அல்லது முக்கால் அங்குல ஜல்லி. அடித்தளம் வெளிவாயை நோக்கி மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிய வேண்டும். வெளிவாய்க் குழாயின் உயரத்தைச் சரிசெய்து, நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு 5 சென்டிமீட்டராவது கீழேயே நிற்கும்படி செய்யுங்கள். மேலே நீர் தெரிந்தால் கொசு வரும். இருவர் தங்கும் குடிலிலிருந்து நாளுக்கு 200 லிட்டர் வந்தால், அது இந்தப் படுகையைக் கடக்க ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். நுண்ணுயிர்கள் வேலை செய்ய அது போதும்.

என்ன நடுவது? சமவெளியில் வாழை என்போம். மலையடிவாரத்தில் அது பெரிய தவறு. வாழை, பலா, கரும்பு மூன்றும் யானைக்கு வைக்கும் அழைப்பு. குடிலின் பின்சுவரை ஒட்டி அந்த அழைப்பை வைக்கக் கூடாது. கல்வாழையும் சம்பும் நடுங்கள், சதுர மீட்டருக்கு நான்கு. ஜல்லியைக் கழுவாமல் கொட்டுவது இன்னொரு தவறு. அதிலுள்ள கல்தூள் அடியில் படிந்து, ஆறே மாதத்தில் படுகை அடைத்துக்கொள்ளும்.

சமையலறை நீரை நேராக இதில் விடவே கூடாது. முதலில் 200 லிட்டர் கொள்ளும் இரண்டு அறைத் தொட்டியில் எண்ணெய் மிதந்து நிற்க வேண்டும். வெளியேறும் இடத்தில் ஒரு டி இணைப்பைப் பொருத்தி, அதன் கீழ்க்காலைத் தொட்டியின் பாதி ஆழம் வரை இறக்கினால், மேலே மிதக்கும் கொழுப்பு உள்ளேயே தங்கும். வாரம் ஒருமுறை வழித்தெடுங்கள். கொதிக்கும் வடிநீரைத் தொட்டியில் ஊற்றுவதை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சூட்டில் உருகும் கொழுப்பு தொட்டியைத் தாண்டிப் போய், ஜல்லிக்குள் குளிர்ந்து கல்லாகிவிடும்.

கழிப்பறை

செப்டிக் டேங்க் என்ற பெயரில் இங்கே கட்டப்படுபவை பெரும்பாலும் அடிப்பூச்சு இல்லாத ஒற்றைக் குழிகள். அவை கிணற்றுக்குள் கசியும். நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும் மண்பாங்கான இடமென்றால் இரட்டைக்குழி முறை நல்லது. உறை இறக்கிய இரண்டு குழிகளை ஒய் வடிவச் சேம்பரால் இணைத்து, ஒன்று நிரம்பியதும் அடைத்து மற்றதைத் திறங்கள். அடைத்த குழி இரண்டு ஆண்டு கிடந்தால் மணமற்ற எருவாகியிருக்கும். குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் 2 மீட்டர் இடைவெளியும், கிணற்றுக்கு 15 மீட்டருக்குக் குறையாத தூரமும் வேண்டும். பாறை நிலத்தில் இந்த முறையை நம்பாதீர்கள். வெடிப்புகள் வழியே கழிவு வடிகட்டப்படாமலே ஓடைக்குப் போய்விடும். அங்கே நீர் கசியாத உண்மையான செப்டிக் தொட்டியும் அதற்குப் பிறகு ஒரு ஜல்லிப் படுகையும்தான் வழி.

அமிலமும் பிளீச்சிங் பவுடரும் குழியிலுள்ள நுண்ணுயிர்களைக் கொல்லும். பூந்திக்கொட்டைக் கரைசலும் தேய்ப்பதற்கு ஒரு தூரிகையும் போதும். நாப்கினுக்கும் ஈரத் துடைப்புத்தாளுக்கும் மூடியுள்ள கூடையும் காகித உறையும் வையுங்கள். கூடை கண்ணில் படாத அறையில் எல்லாம் குழிக்குள்தான் போகும்.

சமையலறைக் கழிவும் மின்சாரமும்

16 பேர் சாப்பிட்டால் நாளுக்கு 6 முதல் 8 கிலோ கழிவு வரும். கழிவைப் புளிக்கவைத்துச் சமையல் வாயு எடுக்கும் ஒரு கனமீட்டர் எரிவாயுக் கலன் இதற்குச் சரி. ஒரு அடுப்பு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் எரியும். தொடக்கத்தில் சாணமும் தண்ணீரும் சம அளவில் கரைத்து நிரப்பி 20 நாள் விடுங்கள். முதலில் வரும் வாயு எரியாது, அதைத் திறந்துவிட வேண்டும். பிறகு நாளுக்கு ஒரு கிலோவில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, எலும்பு வேண்டாம். பொங்கல் விடுமுறையில் மிஞ்சிய சோற்றை மொத்தமாகக் கொட்டினால் கலன் புளித்துவிடும்: கலனின் மேலே மிதக்கும் டிரம் உயரும், வாயு பற்றாது. ஒரு வாரம் எதுவும் போடாமல் சாணக் கரைசல் மட்டும் ஊற்றினால் மீண்டுவிடும். உரித்த தோலும் மிச்சமும் இரவில் திறந்து கிடக்கவே கூடாது; காட்டுப்பன்றியும் கரடியும் ஒருமுறை ருசி கண்டால் தினமும் வரும்.

மின்சாரம் இவற்றைவிட எளிது. மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி விசிறி, எல்இடி விளக்கு, ஒரு குளிர்பெட்டி, ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம், சலவை இயந்திரம் எல்லாம் சேர்ந்து 9 யூனிட்டுக்குள் அடங்கும். 3 கிலோவாட் தகடு தெளிவான நாளில் ஏறக்குறைய 12 யூனிட் தரும். ஐப்பசி அடைமழையில் அது பாதிக்கும் கீழே போகும் என்பதால் மின்கலம் 10 யூனிட்டாவது இருக்கட்டும். மின் கீசரும் ஏசியும் இந்தக் கணக்குக்குள் வராது. வெந்நீருக்குச் சூரியக் கலன் வையுங்கள். வெளிவிளக்குகள் மஞ்சள் நிறத்தில், தரையைப் பார்த்தபடி, முழங்கால் உயரத்தில் போதும். மேல்நோக்கி அடிக்கும் வெள்ளை விளக்கு காட்டின் பூச்சிகளை இரவெல்லாம் இழுத்துக் கொல்கிறது.

கட்டில், நாற்காலிக்கு உண்ணிச்செடியை நாடலாம். காட்டை மூடிவரும் அந்நியச் செடி அது. குச்சிகளை வேகவைத்துத் தோலுரித்து வளைத்தால் பிரம்பைப் போலவே நிற்கும். கூடலூர்ப் பக்கத்திலும் மாதேசுவரன் மலையிலும் பழங்குடிக் கைவினைஞர்கள் இதில் தேர்ந்தவர்கள். விலை பேரம் பேசாமல் வாங்குங்கள்.

மானியும் கோடும்

ஒவ்வொரு குடிலுக்கும் ஒரு தண்ணீர் மானி பொருத்தி, இரவு பத்துக்கும் விடியற்காலை ஐந்துக்கும் குறித்துவையுங்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில் எண் ஓடியிருந்தால், பெரும்பாலும் ஃபிளஷ் தொட்டியின் அடி வாஷர் கசிகிறது. சத்தமே இல்லாத அந்தக் கசிவு ஒரு விருந்தினரின் முழுநாள் பங்கைக் குடித்துவிடும். 'தண்ணீரைச் சேமிப்பீர்' என்ற பலகையைவிட, குளியலறையில் ஒரு வாளியும் சொம்பும் கண்ணில் படும்படி வைப்பது அதிகம் மிச்சப்படுத்தும்.

தொட்டிகளின் அளவுகோலில் இரண்டு கோடு போடுங்கள். ஏப்ரல் முதல் தேதிக்கு மொத்த இருப்பு 75,000 லிட்டர், மே முதல் தேதிக்கு 38,000. சமையல், சலவைப் பங்கையும் சேர்த்து ஒரு குடில் நாளுக்கு 310 லிட்டர் கேட்கிறது, அதாவது அந்த இரண்டு மாதத்துக்கு 18,600. எனவே ஏப்ரல் கோட்டுக்கு 18,000 லிட்டர் குறைந்தால் ஒரு அறையையும், 36,000 குறைந்தால் இரண்டையும் பூட்டுங்கள். இந்த நிலை மார்ச் நடுவிலேயே தெரிந்துவிடும்; முன்பதிவு செய்தவர்களுக்கு அப்போதே சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பூட்டிய அறைகளின் படுக்கையைச் சுருட்டி, பூச்சு உதிர்ந்த தொட்டிச் சுவரைச் சரிசெய்ய அந்த நாட்களைப் பயன்படுத்துங்கள். மழைக்கு முன் தொட்டி காலியாகக் கிடப்பது அப்போதுதான்.