அமெரிக்கா போகும் மதுரைக்காரர்களுக்கு: கோல்ஃபும் சாப்பாடும்

மகன் வீடு, மகள் வீடு என்று அமெரிக்கா போகிற நம்மூர் பெரியவர்களில் பலர் நாலு சுவருக்குள் டிவி பார்த்தே நாட்களைத் தள்ளிவிட்டு வருகிறார்கள், கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. கொடைக்கானலில் கோல்ஃப் ஆடிப் பழகியவராக இருந்தால் அப்படி முடங்கிக் கிடக்க வேண்டியதே இல்லை. இங்கே கோல்ஃப் என்றால் கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஏறக்குறைய நான்கில் மூன்று மைதானங்களில் பணம் கட்டினால் யாரும் ஆடலாம். சான் டியேகோவின் டோரி பைன்ஸ் அந்த நகராட்சிக்கே சொந்தம். 2008இல் டைகர் வுட்ஸ் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியில் ஜெயித்த இடம் அது.

முதலில் இணையத்தில் 'டீ டைம்', அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், பதிவு செய்யுங்கள். சீனியர் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பிற்பகலுக்கு மேல் போனால் பல இடங்களில் 'ட்விலைட்' கட்டணம், காலையைவிட நன்றாகவே குறையும். மட்டைகளை மதுரையிலிருந்து சுமக்க வேண்டாம், அங்கே வாடகைக்குக் கிடைக்கும். ஷூவும் கையுறையும் மட்டும் சொந்தமாக எடுத்துப் போங்கள், பல இடங்களில் காலர் வைத்த சட்டை கட்டாயம். இடது கைக்காரர் என்றால் முன்கூட்டியே போன் செய்து மட்டை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாகப் போனால் முன்பின் தெரியாத மூன்று பேரோடு சேர்த்துவிடுவார்கள். கூச்சப்படாதீர்கள், பெயரைச் சொல்லிக் கை கொடுத்தால் போதும். மட்டைப் பை சுமக்கும் 'கேடி' (caddie) பையன் பெரும்பாலும் வரமாட்டான், பையை நீங்களே தள்ளிப் போக வேண்டும், அல்லது கார்ட் என்கிற சின்ன வண்டி எடுக்க வேண்டும். மணல் குழியில் இறங்கினால் நீங்களே வாரிச் சமப்படுத்த வேண்டும், குழியைச் சுற்றியுள்ள 'கிரீன்' என்கிற பசும்புல்லில் பந்து விழுந்த பள்ளத்தையும் நீங்களே சரிசெய்ய வேண்டும். எல்லாவற்றையும்விட அவர்கள் பார்ப்பது வேகத்தைத்தான். காணாமல் போன பந்தைத் தேட விதிப்படியே மூன்று நிமிடம்தான், அதற்கு மேல் தேடினால் பின்னால் வருகிறவர்கள் பொறுமை இழப்பார்கள். முதல் அடி அடிக்கும் இடமான 'டீ'களில் குழிக்குத் தூரம் குறைந்ததிலிருந்து தொடங்குங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

இன்னொன்று. கொடைக்கானல் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், காற்று மெலிது, பந்து கூடுதலாகப் பறக்கும். அதே அடியைச் சமவெளியில் அடித்தால் குட்டையாக விழும். அதனால் 7 அயர்ன் மட்டை எடுக்கிற இடத்தில் அதைவிடத் தூரம் அடிக்கும் 6 எடுங்கள்.

பிள்ளைகள் வட கரோலினா மாநிலத்தின் ராலி, கேரி பக்கம் இருந்தால் கோல்ஃபுக்குப் பேர்போன பைன்ஹர்ஸ்ட் ஊரை விட்டுவிடாதீர்கள். அந்த ஊர் உருவானது 1895இல், கொடைக்கானல் கோல்ஃப் கிளப் தொடங்கிய அதே ஆண்டு; எனக்கு அதில் தனி சந்தோஷம். டொனால்ட் ராஸ் வடிவமைத்த நம்பர் 2 மைதானத்தில் 2024இல் யு.எஸ். ஓப்பன் நடந்தது. கிரீன்கள் கவிழ்த்த தட்டு மாதிரி, பந்து ஓரத்தில் விழுந்தால் உருண்டு வெளியே போய்விடும். பந்தைத் தூக்கி அடித்து 'சிப்' பண்ணாமல், உருட்டுகிற மட்டையான 'பட்டர்' (putter) கொண்டு வெளியிலிருந்தே உருட்டிவிடுங்கள். செலவு ரொம்பப் பெரியது. அங்கேயே 'தி க்ரேடில்' என்ற ஒன்பது குழிக் குட்டி மைதானம் இருக்கிறது, மொத்த நீளமே 789 கெஜம்தான், முட்டி வலி உள்ளவர்களும் நடந்து முடிக்கலாம்.

சரி, சாப்பாடு. ஒரு தட்டு வாங்கினால் இரண்டு பேருக்குக் காணும், பங்கு போட்டுச் சாப்பிடுங்கள். மிச்சத்தைப் பெட்டியில் கட்டிக் கொடுங்கள் என்று கேட்பது அங்கே சாதாரணம். மெனுவில் போட்ட விலைக்கு மேல் பல மாநிலங்களில் வரி சேரும், பரிமாறுகிறவருக்கு 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைக்க வேண்டும், அதை மிச்சம் பிடிக்காதீர்கள், அவர்கள் வருமானமே அதில்தான்.

தெற்கு மாநிலங்களில் காலையில் கிரிட்ஸ் என்கிற மக்காச்சோளக் கஞ்சி நம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும், வெறுமனே வாங்கி மிளகுத்தூள் தூவிக்கொள்ளுங்கள். அங்கே பிஸ்கட் என்று சொல்லும் மெத்தென்ற ரொட்டியோடு வரும் வெள்ளைக் கிரேவியில் பெரும்பாலும் பன்றி சாசேஜ் இருக்கும், வேகவைத்த கீரையிலும் பன்றிக்கறி போடுவார்கள், ஹாட் டாக் பல இடங்களில் மாட்டுக்கறி. காய்கறி என்று நம்பி வாங்காமல் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே வாங்குங்கள். சர்க்கரை போட்ட ஐஸ் டீயான 'ஸ்வீட் டீ' நீரிழிவுக்காரர்களுக்கு ஆகாது. 'அன்ஸ்வீட்' என்று கேளுங்கள். ஒன்பதாவது குழி முடிந்ததும் ஒரு ஆர்னால்ட் பாமர் குடியுங்கள்: பாதி ஐஸ் டீ, பாதி எலுமிச்சைச் சர்பத், சாராயம் கிடையாது, வெயிலுக்கு அருமை. அப்புறம், தூங்காநகரத்துப் பழக்கத்தில் பத்து மணிக்குப் பரோட்டா தேடாதீர்கள், சின்ன ஊர்களில் ஒன்பதுக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

ஏப்ரலில் அங்கே இருப்பவர்கள் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி பார்க்க ஆசைப்பட்டால், டிக்கெட் குலுக்கலுக்கு முந்தைய ஆண்டு ஜூனிலேயே விண்ணப்பம் போட வேண்டும். அங்கே விற்கும் பிமென்டோ சீஸ் (குடைமிளகாய் கலந்த சீஸ்) சாண்ட்விச் ஒன்றரை டாலர்தான், கறி கிடையாது, ஆனால் மயோனைஸில் முட்டை உண்டு. கைபேசியை உள்ளே விடமாட்டார்கள், அதனால் குடும்பத்தோடு போனால் ஆட்டம் முடிந்து எந்த இடத்தில் சேர்வது என்று வாசலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.