மதுரையில் கார் விபத்து: சின்னத் தொகையானாலும் நஷ்டஈடு கேட்டு வாங்குவது எப்படி?

விரகனூர் ரிங் ரோட்டில் சிக்னலுக்கு நிற்கிறீர்கள். பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. தோளில் அடி, காருக்கு முப்பது நாற்பதாயிரம் செலவு. இந்தப் பணத்தை யாரிடம், எங்கே, எப்படிக் கேட்பது என்பதுதான் இந்தப் பதிவு.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது 'ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்டில் போடு' என்று சொல்லியிருப்பார். மதுரையில் அப்படித் தனிக் கோர்ட் கிடையாது. பத்தாயிரமோ பத்து லட்சமோ, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில்தான் மனு போட வேண்டும். வழக்கறிஞர்கள் இந்த மனுவை எம்.சி.ஓ.பி. என்பார்கள். சென்னையில் இந்தத் தீர்ப்பாயத்தின் வேலையைச் சிறு வழக்குகள் நீதிமன்றம் செய்கிறது. இங்கே மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குப் போக வேண்டும். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், இந்த மூன்றில் எந்த எல்லையிலும் மனு போடலாம். விபத்து திண்டுக்கல் பக்கம் நடந்திருந்தாலும் மதுரைக்காரர் மதுரையிலேயே போடலாம்.

முதல் நாள்

நடுரோட்டில் கூட்டம் கூடியதும் 'பேசி முடிச்சுக்கலாம்ணே' என்று ஒருவர் வருவார். அவரோடு பேசுவது தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் போட்டோ எடுத்துவிடுங்கள்: இரண்டு வண்டியும் ஒரே படத்தில் நம்பர் பிளேட்டோடு, ரோட்டில் டயர் தேய்ந்த தடம், சிதறிய கண்ணாடி, பக்கத்துக் கடை போர்டு. எதிர் வண்டி நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பெயரும் பாலிசி எதுவரை செல்லும் என்பதும் அங்கேயே தெரியும். பாலிசி முடிந்துபோன வண்டி என்றால் ஆட்டமே மாறிவிடும். ஓனர் கையில் இருந்துதான் பணம் வர வேண்டும்.

அடுத்து போலீஸ். நகருக்குள் என்றால் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு, வெளியே என்றால் அந்தப் பகுதி ஸ்டேஷன். வண்டிச் சேதம் மட்டும் என்றால் பெரும்பாலும் சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வாங்கியதற்கான ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். உடம்பில் அடி பட்டிருந்தால் எஃப்.ஐ.ஆர். கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாத காயத்தை இன்சூரன்ஸ் தரப்பு வழக்கறிஞர் முதல் கேள்வியிலேயே பிடித்துக்கொள்வார். புகாரில் நேரம், இடம், வண்டி எந்தப் பக்கம் இருந்து வந்தது, எங்கே இடித்தது என்று எழுதினால் போதும். 'மின்னல் வேகத்தில்' மாதிரி அலங்காரம் வேண்டாம். குறுக்கு விசாரணையில் 'எத்தனை கிலோமீட்டர் வேகம், எப்படித் தெரியும்?' என்று கேட்பார்கள்.

நிறைய வழக்கைக் கெடுக்கிற ஒரு தாள் உண்டு: ஆஸ்பத்திரியில் போடும் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். ராஜாஜி மருத்துவமனை கேஷுவாலிட்டியில் டாக்டர் 'எப்படி அடிபட்டது?' என்று கேட்பார். வலியில் இருப்பவர் 'விழுந்துட்டேன் சார்' என்பார். அவரும் 'வாகனத்தில் இருந்து தவறி விழுந்ததாக' என்று எழுதிவிடுவார். இடித்த வண்டியைப் பற்றி ஒரு சொல் இருக்காது. ஆறு மாதம் கழித்து அந்த ஒரு வரியைக் காட்டி, 'எங்கள் வண்டி இடிக்கவே இல்லை, மனுதாரர் தானாக விழுந்தார்' என்று வாதாடுவார்கள். அதனால் கேஷுவாலிட்டியிலேயே எந்த வண்டி, முடிந்தால் நம்பர், எந்த இடம், எத்தனை மணி என்று சொல்லி, எழுதியதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு முடியாவிட்டால் கூட இருப்பவர் சொல்லட்டும். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சில தனியார் ஆஸ்பத்திரிகளிலும் பணம் கேட்க மாட்டார்கள். ஏ.ஆர். காப்பியை மட்டும் மறக்காதீர்கள்.

வண்டியை அவசரப்பட்டு ஒர்க்‌ஷாப்பில் பிரித்துவிடாதீர்கள்

வழக்குப் பதிவாகியிருந்தால் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அதில் எந்தப் பாகம் எப்படிச் சேதம் என்று இருக்கும். அது உங்களுக்குச் சாதகமான சாட்சி. அதற்கு முன் டிங்கர் வேலை முடிந்துவிட்டால் சேதத்துக்குச் சாட்சி ஒர்க்‌ஷாப் பில் மட்டுமே. உங்கள் இன்சூரன்ஸில் கிளைம் போடுவதானால் சர்வேயர் வந்து பார்த்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவர், லைசென்ஸ் உள்ள சர்வேயர் ஒருவரிடம் சொந்தச் செலவில் மதிப்பீடு வாங்கிக்கொள்வது நல்லது. கழற்றிய பாகங்களையும் கொஞ்ச நாள் வைத்திருங்கள்.

எவ்வளவு கேட்கலாம்?

உங்களிடம் முழுப் பாலிசி இருந்தால் முதலில் சொந்தச் சேதத்துக்கு உங்கள் கம்பெனியிலேயே வாங்கிவிடுவதுதான் சுருக்கு வழி. அவர்கள் கொடுத்ததை மறுபடி எதிர்த்தரப்பிடம் கேட்க முடியாது. கையை விட்டுப் போன வித்தியாசத்தை மட்டும் கேட்கலாம்.

மூன்றரை வருடக் கார் என்று வைத்துக்கொள்வோம். பம்பர் 8,000, ஹெட்லைட் 10,000, பானட் 12,000, கூலி 8,000, மொத்தம் 38,000. பம்பரும் ஹெட்லைட்டும் பிளாஸ்டிக், 50 சதவீதம் தேய்மானம் போய் 9,000 தான் வரும். பானட் இரும்பு, அந்த வயதுக்கு 25 சதவீதம் கழிந்து 9,000. கூலி 8,000 முழுசாக. கூட்டினால் 26,000. 1500 சி.சி.க்கு உட்பட்ட காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. கைக்கு வருவது 25,000. மிச்சம் 13,000 தான் நீங்கள் எதிர்த்தரப்பிடம் கேட்க வேண்டிய வண்டிக் கணக்கு. பெயின்ட்டுக்கும் ஜி.எஸ்.டி.க்கும் கணக்கு கொஞ்சம் மாறும், வழி இதுதான். கிளைம் போட்டால் அடுத்த வருடம் நோ கிளைம் போனஸும், அதாவது கிளைம் போடாமல் இருந்ததற்கான பிரீமியம் தள்ளுபடியும் போய்விடும். 50 சதவீத போனஸில் இருப்பவர் சின்னச் சேதத்துக்குக் கிளைம் போடுமுன் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காயத்துக்கு வேறு கணக்கு: மருந்து, ஸ்கேன் பில், வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஆட்டோ, கூட இருந்து பார்த்தவருக்கான செலவு, சத்துணவு, வலி வேதனை. ஒவ்வொன்றையும் தனித் தலைப்பில் எழுத வேண்டும். வருமானத்துக்குத் தாள் இல்லாமல் மாதம் ஐம்பதாயிரம் என்று எழுதினால் தீர்ப்பாயம் தானாக ஒரு குறைந்த தொகையை எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் என்றால் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கிக் கணக்கு. சம்பளக்காரர் என்றால் விடுப்புச் சான்றும் சம்பளச் சீட்டும். எலும்பு முறிந்து நிரந்தரக் குறை இருந்தால் மெடிக்கல் போர்டு சான்றுக்குப் பிறகு கணக்கே வேறு. அந்த அளவுக்குப் போனால் வழக்கறிஞர் இல்லாமல் இறங்காதீர்கள்.

எதிர் வண்டியின் பாலிசியில் மூன்றாம் நபர் சொத்துச் சேதம் என்ற வரியையும் பாருங்கள். காருக்கு வழக்கமாக 7.5 லட்சம் வரை இருக்கும். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அதை 6,000 ஆகக் குறைத்திருந்தால், அதற்கு மேல் உள்ளதை ஓனர்தான் தர வேண்டும்.

மனு

விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதுதான் கெடு. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது என்பதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். புதிய விதிப்படி காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் கொடுக்க வேண்டும். அதோடு உங்கள் விவரங்களைக் கேட்கும் படிவம் 6 வரும். பில்களோடு அதை நிரப்பிக் கொடுங்கள். வெறுமனே கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள்.

எதிர்மனுதாரர்கள் யார் என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே ஓனர். 'அவர் வித்துட்டாரு, பெயர் மாத்தல' என்பது உங்கள் கவலை இல்லை. ஓனர், இன்சூரன்ஸ் கம்பெனி, டிரைவர் மூவரையும் சேர்த்துவிடுங்கள். அரசு பஸ் என்றால் கம்பெனிக்குப் பதில் போக்குவரத்துக் கழகத்தையே சேர்க்க வேண்டும். இதே விதி உங்கள் பக்கமும் திரும்பும்: செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பெயர் மாற்றாத காருக்குச் சேதம் கேட்டால், 'நீங்கள் ஓனரே இல்லையே' என்று நிறுத்திவிடுவார்கள்.

மனுவோடு எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட், ஆர்.சி., உங்கள் லைசென்ஸ், பாலிசி, பில்கள், ஆதார், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம். பில்லை தேதி வாரியாக வெள்ளைத் தாளில் ஒட்டி, கடைசியில் கூட்டுத்தொகை எழுதுங்கள். மெடிக்கல் ஷாப் பில்லில் மை மங்கிவிடும் என்பதால் அன்றே ஜெராக்ஸ்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், தொலைபேசி 15100. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். ஆஸ்பத்திரி வார்டிலேயே வந்து 'கேஸ் நாங்க பார்த்துக்கிறோம், வர்ற பணத்தில் பாதி' என்று வெற்று வக்காலத்தில் கையெழுத்து வாங்குபவர்களை ஒதுக்கிவிடுங்கள். வாங்கும் தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதியே அனுமதிப்பதில்லை.

லோக் அதாலத்தா, விசாரணையா?

ஒரு லட்சத்துக்குள் உள்ள கோரிக்கை என்றால் எங்கள் கருத்து: லோக் அதாலத், அதாவது இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றம். இன்சூரன்ஸ் அதிகாரி அங்கே பேரம் பேசத்தான் வருகிறார். உங்கள் அடிமட்டத் தொகையை முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். அவர் சொல்லும் தொகை வட்டி, செலவு எல்லாம் சேர்த்தா, எத்தனை நாளில் கணக்கில் ஏறும் என்று கேட்டு உத்தரவில் எழுத வையுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு மேல்முறையீடு இல்லை. கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

ஒத்துவரவில்லை என்றால் விசாரணை. உங்கள் பிரமாணப் பத்திரம்தான் முதல் விசாரணை. பிறகு குறுக்கு விசாரணை. 'நீங்களும் சடன் பிரேக் போட்டீர்கள்தானே?' என்பது வழக்கமான கேள்வி. உங்கள் மேலும் பாதித் தப்பு என்று நிலைநாட்டினால் தொகையும் அந்த விகிதத்தில் குறையும். புகாரில் எழுதியதைத்தான் இங்கேயும் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்றால் போதும். வாய்தாத் தேதிகளை இ-கோர்ட்ஸ் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

தீர்ப்பு வந்து 30 நாளில் பணம் கட்ட வேண்டும். தொகை குறைவு என்று தோன்றினால் 90 நாளில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு. தாவாத் தொகை ஒரு லட்சத்துக்குக் கீழ் இருந்தால் அந்த வழி மூடியிருக்கும். இன்சூரன்ஸ் இல்லாத ஓனர் பணம் தராமல் இழுத்தடித்தால், தீர்ப்பாயத்தில் சான்றிதழ் கேட்டு மனு போடுங்கள். அது கலெக்டருக்குப் போகும். நில வரி பாக்கி வசூலிப்பது போல அந்தத் தொகையை வசூலித்துத் தர அவருக்கு அதிகாரம் உண்டு.