பூனையும் ஆடும் உள்ள வீட்டில் டாக்சோபிளாஸ்மாவைத் தடுப்பது எப்படி?

பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கம் ஆடு வளர்க்கிற வீட்டில் எலிக்காக ஒரு பூனையும் இருக்கும். எலியையோ பச்சைக்கறியையோ தின்னும் பூனைக்கு டாக்சோபிளாஸ்மா என்ற ஓரணு ஒட்டுண்ணி தொற்றலாம். முதல்முறை தொற்றியதும் 1 முதல் 3 வாரம் வரை மலத்தில் அதன் முட்டைக்கூடுகள் லட்சக்கணக்கில் வரும். ஆகவே வேட்டை பழகும் குட்டிப்பூனையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

1. மலம் அள்ளுதல்

அகலத் தட்டில் 2 அங்குலம் மணல் பரப்பி வையுங்கள். புதிதாக விழுந்த மலம் உடனே தொற்றாது. உள்ளிருக்கும் முட்டைக்கூடு முதிர 1 முதல் 5 நாள் ஆகும். அதனால் தினமும் ஒரே நேரத்தில் அள்ளிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. ரப்பர் கையுறை போட்டு, தூசி பறக்காமல் லேசாகத் தண்ணீர் தெளித்து அள்ளுங்கள். கிணற்றுக்கும் கீரைப்பாத்திக்கும் தள்ளி, ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். எருக்குழியில் மட்டும் போடவே வேண்டாம். ஈரமண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடந்து, எருவோடு வயலுக்குப் போய்விடும்.

வாரம் ஒருமுறை மணலையும் அப்படியே புதைத்துவிட்டு, காலித் தட்டு நிறையக் கொதிநீர் ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: பிளீச்சிங் பவுடர் போட்டதும் செத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அந்தக் கூட்டின் தடித்த ஓடு குளோரினுக்கு அசையாது. சூடுதான் கொல்லும்.

2. தீவனம்

தவிடு, புண்ணாக்கை மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். வைக்கோல் போரில் பூனை குட்டி போட்டிருந்தால், மலம் பட்ட இடத்து வைக்கோலைச் சினை ஆட்டுக்குப் போடாதீர்கள்; தொற்றினால் குட்டி வீசிவிடலாம்.

3. ஆடு குட்டி வீசினால் (கரு கலைந்தால்)

வெறுங்கையால் தொடாதீர்கள். நஞ்சுக்கொடியை நாயும் பூனையும் இழுக்கும் முன் ஆழப் புதையுங்கள். புருசெல்லா என்ற பாக்டீரியா போன்ற வேறு காரணங்களாலும் குட்டி வீசும் என்பதால், கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பரிசோதித்தால்தான் தெரியும்.

4. அடுப்படி

கறி வேகும் முன் உப்புப் பார்க்காதீர்கள். கறி நறுக்கிய அரிவாள்மணையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வெங்காயம் நறுக்குங்கள். ஆட்டுப்பாலைக் காய்ச்சியே குடியுங்கள்.

கர்ப்பிணிகள் முதல் மூன்று வேலைகளையும் வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். கர்ப்பகாலத்தில் முதல்முறை தொற்றினால் தாய்க்கு ஒன்றும் தெரியாமலே பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். முதல் செக்கப்பிலேயே வீட்டில் பூனையும் ஆடும் இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்.