மகப்பேறு விடுப்புக்குப் பின் நெகிழ்வான பணிநேரம் கேட்கும் முறை

விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே மேலாளரிடம் பேசிவிட்டு, பேசியதை அன்றே மனிதவளப் பிரிவுக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். மேலாளர் மாறினால் வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். ‘கொஞ்சம் அனுசரியுங்கள்’ என்று பொதுவாக எழுதாமல், ‘மூன்று மாதங்களுக்குக் காலை 8 முதல் மாலை 4 வரை அலுவலகத்தில் இருப்பேன், மாலைக் கூட்டங்களின் குறிப்புகளை மறுநாள் காலையில் பார்த்து முடிப்பேன்’ என்பதுபோல் நேரத்தையும் காலவரம்பையும் வேலை நடக்கும் விதத்தையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், வேலையின் தன்மை இடமளித்தால், இருதரப்பும் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளின்படி வீட்டிலிருந்து பணிபுரிய வழிசெய்தது. ஆகவே அதற்கு நிறுவனத்தின் இசைவு தேவை. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் கிடைப்பதோ உரிமை. அதைச் சலுகைபோலக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.