கனடாவின் ஒன்டாரியோவில் ஸ்டாப் சைனில் திரும்பும்போது யார் முதலில்?

முதலில் ஸ்டாப் பலகையின் அடியைப் பாருங்கள். அங்கே 'ஆல் வே' என்ற சிறு பலகை இருந்தால் எல்லாத் திசை வண்டிகளும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் குறுக்கே வருகிறவருக்கு ஸ்டாப் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் நிற்பார் என்று நம்பி வண்டியை எடுப்பதுதான் பெரிய ஆபத்து.

சக்கரம் முழுமையாக நிற்க வேண்டும். வெள்ளைக் கோட்டில் நில்லுங்கள். கோடு இல்லையென்றால் பாதசாரிக் கடவைக்கு முன்னால், அதுவும் இல்லையென்றால் சந்திக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால். உருட்டிக்கொண்டே போனால் நிற்காததற்குச் சமம்: 3 டிமெரிட் புள்ளிகள் (ஓட்டுநர் பதிவில் ஏறும் தண்டனைப் புள்ளிகள்). மரமோ நிறுத்திய காரோ பார்வையை மறைத்தால், கோட்டில் நின்ற பிறகு மெல்ல முன்னே நகர்ந்து மறுபடி பாருங்கள்.

ஆல் வே சந்தியில் முதலில் வந்து நின்றவர் முதலில் போகலாம். ஒரே நேரத்தில் நின்றால் உங்கள் வலப்பக்க வண்டிக்கு வழிவிடுங்கள். எதிரெதிரே நிற்கும்போது இந்த வலப்பக்க விதி உதவாது. அப்போது நேரே போகிறவரும் வலது திரும்புகிறவரும் முதலில், இடது திரும்புகிறவர் பிறகு. இங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதால், எதிரே வருகிறவரின் பாதையை வெட்டுவது இடது திரும்பும் வண்டிதான். ஊரில் வலது திரும்பும்போது எடுத்த கவனம் இங்கே இடதுக்கு வேண்டும். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கைக்கு இது சட்டென்று வராது. நான்கு பக்கமும் ஒன்றாக நின்றுவிட்டால் யாராவது ஒருவர் கைகாட்டி விட்டுக்கொடுத்தால்தான் நகரும்.

ஆல் வே இல்லாத சந்தியில், குறுக்குச் சாலை இருபக்கமும் காலியான பிறகே திரும்ப வேண்டும். எதிரே ஸ்டாப்பில் நிற்பவர் நேரே வருவாரென்றால், இடது திரும்பும் நீங்கள் அவரையும் போகவிடுங்கள்.

உங்கள் முறை வந்தாலும் நடந்து கடப்பவருக்குத்தான் முதலிடம். இடது திரும்பும்போது முன்கண்ணாடியின் ஓரத் தூண் ஒரு முழு ஆளையே மறைத்துவிடும். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். வலது திரும்புமுன் தோளுக்கு மேலாகத் திரும்பி, ஓரமாக வரும் சைக்கிளைத் தேடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு அருகே கடவைக் காவலர் நின்றால், பிள்ளைகள் மட்டுமல்ல, அவரும் சாலையை விட்டு முழுவதும் இறங்கும்வரை வண்டியை அசைக்கக்கூடாது. 2016 முதல் இதுதான் சட்டம்.

காத்திருக்கும் நேரத்தில் ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்து வைக்காதீர்கள். பின்னால் யாராவது மோதினால், எதிர்ப்பாதைக்குள் தள்ளப்படுவீர்கள்.